ஏரிக்கரையில் ஒரு வகுப்பு!

விஞ்ஞான மாணவர்களும் நர்சு மாணவிகளும் கிராமத்துக்குப் போவது எதற்காக? அதனால் கிராமத்துக்கு என்ன லாபம்?

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பார்கள் நம் பெரியவர்கள்.

உண்மைதான். ஆனால் விதை ஊன்றும் பருவம் எது, பூச்சி விழுந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் ஏட்டில்தான் இருக்கின்றன. ஏடும் வேண்டும், தோட்டமும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் கறி இல்லை!

இன்று நம் கல்லூரிகளில் ஏடு பெருகிவிட்டது. தோட்டம் சுருங்கி வருகிறது.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண் நர்சுப் படிப்பில் சேருகிறாள். முதலில் ரப்பர் பொம்மைக்கு ஊசி போடக் கற்கிறாள். அது நல்லதுதான். ஆனால் பொம்மை அழாது. கையை இழுத்துக் கொள்ளாது. "என் மாமியாரைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று பொம்மை சொல்லாது!

பையன் பி.எஸ்ஸி. ரசாயனத்தில் சேருகிறான். சோதனைச்சாலையில் ஒரு உப்பைக் கொடுத்து, "இது என்ன உப்பு? கண்டுபிடி" என்கிறார்கள். அது என்ன உப்பு என்று ஆசிரியருக்கு முன்பே தெரியும். சில சமயம் பையனுக்கும் தெரியும். போன வருஷத்து மாணவனின் நோட்டில் விடை இருக்கிறதே!

2020-ம் ஆண்டில் கொரோனா வந்தது. கல்லூரிகள் மூடப்பட்டன. செய்முறைப் பாடம் கூடச் செல்போன் திரையில் நடந்தது. அந்த ஆண்டுகளில் படித்தவர்கள் இன்று வேலைக்கு வந்துவிட்டார்கள். "கையால் செய்து பார்க்காத படிப்பு எவ்வளவு தூரம் செல்லும்?" என்ற கேள்வி அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

அதன் பிறகு மேலிடத்தில் சில மாறுதல்கள் நடந்தன. இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் பி.எஸ்ஸி. நர்சிங் படிப்புக்குப் புதிய பாடத் திட்டத்தை வெளியிட்டது. தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1-ந் தேதி "நான் முதல்வன்" திட்டத்தைத் தொடங்கி, மாணவர்களுக்குத் தொழில் பயிற்சி தர முன்வந்தது. பல்கலைக் கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட திட்டம், வெளியே சென்று பெறும் பயிற்சியையும் மதிப்பெண் கணக்கில் சேர்க்கச் சொல்கிறது.

திட்டங்கள் இருக்கட்டும். மாணவர்கள் எங்கே போக வேண்டும்? போய் என்ன செய்ய வேண்டும்?

ஓர் இடத்தை எடுத்துக் கொண்டு பார்ப்போம்.

சுண்ணாம்புக்குளம்

திருவள்ளூர் மாவட்டம், கும்மிடிப்பூண்டி வட்டத்தில், பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரைப் பக்கம் இருக்கிறது சுண்ணாம்புக்குளம். இதைத் தாண்டினால் ஆந்திர எல்லை அதிக தூரம் இல்லை.

பழவேற்காடு ஏரி நல்ல தண்ணீர் ஏரி அல்ல. கடல் நீரும் ஆற்று நீரும் கலக்கும் உப்பங்கழி. நீளம் சுமார் 60 கிலோமீட்டர். இந்தியாவில் உள்ள இத்தகைய ஏரிகளில் இது இரண்டாவது பெரியது. முதலாவது, ஒடிசாவில் உள்ள சில்கா ஏரி. பழவேற்காடு ஏரியின் பெரும் பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தென்கோடிதான் நம்முடையது.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு. சந்திரனுக்குச் சந்திரயான்-3 கிளம்பியது அங்கேயிருந்துதான் (2023 ஜூலை 14). ராக்கெட்டின் நெருப்பைக் குப்பத்துச் சிறுவன் வீட்டு வாசலில் நின்றே பார்க்கலாம். ஆனால் அவன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று அவனுக்குச் சொல்ல ஆள் இல்லை!

இந்த ஏரிக்கரையில் விஞ்ஞான மாணவனுக்குப் பாடம் இருக்கிறது. நர்சு மாணவிக்கும் பாடம் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இரண்டு பேருக்கும் பாடம் ஒன்றுதான். எப்படி என்று சொல்கிறோம்.

கிளிஞ்சல் சொல்லும் கணக்கு

ஊரின் பெயரிலேயே சுண்ணாம்பு இருக்கிறது. ஏரியில் கிளிஞ்சல் கிடைக்கிறது. கிளிஞ்சலைச் சூளையில் வைத்துச் சுட்டால் சுண்ணாம்பு. வெற்றிலைக்கும் சுவருக்கும் நம் பாட்டனார் காலம் முதல் பயன்பட்டது இதுதான்.

புத்தகம் என்ன சொல்கிறது? சுத்தமான கிளிஞ்சல் 100 கிராமைச் சுமார் 900 டிகிரி உஷ்ணத்தில் சுட்டால், 56 கிராம் சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிராம் கரியமில வாயுவாகப் பறந்து போகும்.

மாணவன் தானே சுட்டு நிறுத்துப் பார்த்தால் 56 வராது. 60 வரலாம், 63 வரலாம். ஏன்? கிளிஞ்சலில் மண் இருந்திருக்கலாம். சூளையின் நடுவில் இருந்தது வெந்து, ஓரத்தில் இருந்தது வேகாமல் போயிருக்கலாம். எது காரணம் என்று அவன் யோசிக்கத் தொடங்குகிறானே, அப்போதுதான் அவன் ரசாயனம் படிக்கத் தொடங்குகிறான். அதுவரை படித்தது மனப்பாடம்!

சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதிக்கும். நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் பூசினால், காற்றிலுள்ள கரியமில வாயுவைத் திரும்ப இழுத்துக் கொண்டு மறுபடி கல்லாகிறது. சூளையில் பறந்து போன 44 கிராம் சுவருக்குத் திரும்பி வருகிறது!

சரி, இதில் நர்சுக்கு என்ன வேலை?

சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் என்ன செய்வது? வெற்றிலைப் பெட்டியைத் திறந்து விளையாடும் குழந்தைக்கும் இந்த ஆபத்து உண்டு. சுண்ணாம்பு காரம். அது கண்ணின் மேல் தோலை அரித்துக் கொண்டு உள்ளே போகும். பார்வையே போய்விடலாம். உடனே செய்ய வேண்டியது ஒன்றுதான். கண்ணைத் திறந்து பிடித்து, சுத்தமான தண்ணீரை நிறைய, விடாமல் ஊற்றிக் கழுவ வேண்டும். ஒட்டியிருக்கும் துணுக்கை நீக்க வேண்டும். எண்ணெய், தாய்ப்பால், மூலிகைச் சாறு எதையும் விடக்கூடாது. கழுவிய பிறகு டாக்டரிடம் ஓட வேண்டும். கழுவாமல் ஓடினால், வழியெல்லாம் சுண்ணாம்பு வேலை செய்து கொண்டே இருக்கும்.

"ஏன் அம்மா இவ்வளவு தண்ணீர்?" என்று ஒருவர் கேட்டால், நர்சு மாணவி பதில் சொல்ல வேண்டாமா? அந்தப் பதில் ரசாயனப் பையனிடம் இருக்கிறது.

எல்லாம் உப்பு!

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். அது உப்பு.

கடல் தண்ணீர் ஒரு லிட்டரைக் காய்ச்சினால் சுமார் 35 கிராம் உப்பு மிஞ்சும். குடிக்கும் தண்ணீரில் கரைந்துள்ள உப்பு வகைகள் எல்லாம் சேர்த்து, லிட்டருக்கு அரை கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்திய அரசின் தர அளவு. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2 கிராம் வரை பொறுத்துக் கொள்ளலாம். அதற்கு மேல் கூடாது.

ஏரித் தண்ணீரின் உப்பு நிலையாக நிற்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரணி ஆற்று வெள்ளம் வந்தால் ஏரி இனிக்கத் தொடங்கும். சித்திரை, வைகாசி வெயிலில் தண்ணீர் வற்றும். சில இடங்களில் கடலை விட அதிகமாகக் கரிக்கும். இதோடு இன்னொரு சங்கடம். ஏரியையும் கடலையும் இணைக்கும் முகத்துவாரம் மணல் சேர்ந்து அடைத்துக் கொள்ளும். வழி அடைத்தால் மீன் வராது, இறால் வராது. முகத்துவாரத்தை நிலையாகத் திறந்து வைக்க வேண்டும் என்பது மீனவர்களின் வெகு நாளைய கோரிக்கை.

இதை மாணவன் எப்படி அளப்பது? ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து வந்து, வெள்ளி நைட்ரேட்டுச் சொட்டு விட்டுக் கணக்குப் பார்க்கலாம். செங்கல் நிறம் வந்ததும் நிறுத்த வேண்டும். கல்லூரியில் செய்கிற சோதனைதான் இது. ஆனால் அங்கே கொடுத்த தண்ணீருக்கு விடை ஒன்றுதான். ஏரியில் காலையில் ஒரு விடை, மாலையில் ஒரு விடை! ஏற்றம் வரும் நேரத்தில் எடுத்தாயா, வற்றம் வடியும் நேரத்தில் எடுத்தாயா, மேல் தண்ணீரா, அடித் தண்ணீரா என்று கேள்வி வரும். அமாவாசை, பவுர்ணமியில் நீரோட்டம் ஏன் அதிகம் என்ற பௌதிகம் வரும். அந்த நாட்களைப் பார்த்துத்தான் குப்பத்து மக்கள் வலை கட்டுகிறார்கள். பஞ்சாங்கத்தையும் பௌதிகத்தையும் அங்கே பிரிக்க முடியாது.

ஏரி நீர் கிடக்கட்டும். அதை யாரும் குடிப்பதில்லை. கிணறு?

கடலோரத்தில் நிலத்துக்கு அடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேலே மிதக்கிறது. எண்ணெய் தண்ணீரின் மேல் மிதப்பதுபோல என்று வைத்துக் கொள்ளுங்கள். இதற்கு ஒரு கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். இந்தக் கணக்கைக் கண்டவர்களில் ஒருவர் கீபன் என்ற ஹாலந்துக்காரர். (அந்த நாட்டுக்காரர்கள்தான் 1613-ல் பழவேற்காட்டில் கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டியவர்கள். இது வேறு கதை.)

இதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மோட்டார் வைத்து இறைத்து, மேல் மட்டத்தை ஒரு அடி இறக்கினால், அடியிலிருந்து உப்புத் தண்ணீர் நாளடைவில் 40 அடி ஏறும்! ஓர் அடிக்கு 40 அடி தண்டனை. கடலோர ஊர்களில் நேற்று இனித்த கிணறு இன்று கரிப்பதற்கு இதுவே முக்கியமான காரணம்.

இப்போது நர்சு மாணவியைக் கூப்பிடுவோம்.

அவள் வீடு வீடாகப் போய் ரத்தக் கொதிப்பு பார்க்கிறாள். 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டிய அளவு. "ஆயா, உப்பைக் குறைச்சுக்குங்க" என்கிறாள். ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி.

"நான் என்னாத்த குறைக்கிறது பாப்பா? கருவாடு இல்லாம கஞ்சி எறங்குமா?" என்று ஆயா கேட்டால்?

கருவாட்டை நன்றாக ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் உப்பு குறையும் என்று சொல்லலாம். நல்ல யோசனைதான். ஆனால் அந்த வீட்டுக் கிணற்றில் லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். ஆயா நாளைக்கு 3 லிட்டர் குடிக்கிறாள். கருவாட்டைத் தொடுவதற்கு முன்பே 3 கிராம் உள்ளே போய்விட்டது! இது நர்சு மாணவிக்கு எப்படித் தெரியும்? கிணற்றை அளந்த பையன் சொன்னால்தான் தெரியும்.

இது நம் கற்பனை அல்ல. வங்காள தேசத்துக் கடற்கரையில் டாகோப் என்ற பகுதியில், கர்ப்பிணிப் பெண்களிடம் ரத்தக் கொதிப்பு ஏன் அதிகம் என்று ஆராய்ந்தார்கள். அவர்கள் குடிக்கும் தண்ணீரின் உப்புக்கும் அதற்கும் தொடர்பு இருப்பது தெரிந்தது. 2011-ல் அந்த ஆராய்ச்சி வெளிவந்தது. தண்ணீரை அளந்தவரும் தாயைப் பரிசோதித்தவரும் ஒரே இடத்தில் உட்கார்ந்ததால் வந்த பலன் அது.

நம் கல்லூரிகளில் என்ன நடக்கிறது? விஞ்ஞான மாணவர்கள் ஒரு நாள் பஸ்சில் வருகிறார்கள். பூநாரை பார்க்கிறார்கள். போகிறார்கள். நர்சு மாணவிகள் வேறொரு நாள் வருகிறார்கள். ஊரைக் கணக்கெடுக்கிறார்கள். போகிறார்கள். ஒருவர் நோட்டை ஒருவர் பார்ப்பதே இல்லை!

இந்த இரண்டு பஸ்களையும் ஒரே நாளில் வரச் சொல்ல வேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

உப்பு உயிரும் காக்கும்

உப்பை வில்லனாகவே காட்டிவிட்டோம். அது நியாயம் இல்லை.

1971-ல் வங்காள தேச யுத்தத்தின்போது அகதிகள் லட்சக் கணக்கில் மேற்கு வங்காளத்துக்கு ஓடி வந்தார்கள். பங்கான் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்ற மருந்து நீர் தீர்ந்து போயிற்று. திலீப் மகாலனபிஸ் என்ற டாக்டர், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, உறவினர்களையே நோயாளிக்கு ஊட்டச் சொன்னார். சாவு வெகுவாகக் குறைந்தது. சோதனைச்சாலையில் பிறந்த யோசனைதான். ஆனால் உலகம் அதை நம்பியது, சேற்றில் நின்று செய்து காட்டிய பிறகுதான். அவர் 2022-ல் காலமானார்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் உப்பு-சர்க்கரைப் பொட்டலத்தை அரசு சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கிடைக்காவிட்டால்: கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், சர்க்கரை 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. உப்பு அளவு கூடக்கூடாது. இந்த இடத்திலும், கிணற்றுத் தண்ணீரே கரித்தால் கணக்கு மாறிவிடும்! கரிக்காத தண்ணீரில்தான் கலக்க வேண்டும்.

இறால் பிடிக்கும் கை

இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சு, முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வருகிறது. ஏரியில் சில மாதம் தின்று வளர்கிறது. பிறகு கடலுக்குத் திரும்புகிறது. ஏரி அதற்கு வளர்ப்புத் தாய் வீடு.

பழவேற்காட்டுப் பக்கத்து மீனவக் குப்பங்களில் "பாடு" என்ற பழைய முறை உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று முறை வைத்துப் பங்கிட்டுக் கொள்வார்கள். எல்லோரும் ஒரே நாளில் அள்ளிவிட முடியாது. பொருளாதாரம் படிக்கும் மாணவரும் அந்த பஸ்சில் ஏறி வரலாம்!

இருளர் பெண்களுக்கு வலையும் இல்லை, படகும் இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக் கொள்கிறார்கள். மணிக்கணக்கில் இந்த வேலை. இறால் ஒளியும் இடம் அவர்கள் விரல் நுனிக்குத் தெரியும். விலங்கியல் மாணவன் அவர்களை வாத்தியாராக ஏற்றுக் கொள்ள வேண்டும். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அந்த விரல்களை நர்சு மாணவி பார்க்க வேண்டும். கிளிஞ்சல் கிழித்த வெட்டு. ஊறிப் போன தோல். வெதுவெதுப்பான உப்பங்கழி நீரில் விப்ரியோ என்ற கிருமி வகை உண்டு. சின்ன வெட்டு வழியாகக் கூட அது உள்ளே போகலாம். காயத்தைச் சுற்றி வேகமாக வீக்கம், கொப்புளம், காய்ச்சல் வந்தால் "சேத்துப் புண்தானே" என்று விடக்கூடாது. முக்கியமாக, சர்க்கரை வியாதியும் ஈரல் வியாதியும் உள்ளவர்கள் அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

கெளுத்தி முள்ளோ, திருக்கை முள்ளோ குத்தினால் உயிர் போகிற வலி. இதற்கு எளிய சிகிச்சை சுடு தண்ணீர்! அந்த விஷம் உஷ்ணத்தில் கெடும். பொறுக்கும் சூட்டில், சுமார் 45 டிகிரிக்கு மேல் போகாமல், காயம் பட்ட கையை அரை மணி முதல் ஒன்றரை மணி வரை வைத்திருக்க வேண்டும். குத்துப்பட்ட கை மரத்துப் போயிருக்கும், சூடு தெரியாது. அதனால் நல்ல கையால் சூடு பார்க்க வேண்டும். முறிந்த முள் உள்ளே இருக்கிறதா என்று டாக்டர் பார்க்க வேண்டும். தடுப்பு ஊசியும் வேண்டும்.

நர்சின் பை

கிராமத்துக்குப் போகும் நர்சு மாணவிக்கு ஒரு பை உண்டு. அந்தப் பையை வைப்பதற்கே ஒரு பாடம் இருக்கிறது. வீட்டுக்குள் போனதும் முதலில் செய்தித்தாளை விரிக்க வேண்டும். (நம் பத்திரிகைக்கு இப்படியும் ஒரு தொண்டு!) அதன் மேல் பையை வைக்க வேண்டும். சோப்பையும் துண்டையும் எடுத்துக் கைகழுவ வேண்டும். பிறகுதான் மற்றதை எடுக்கலாம். ஒரு வீட்டுக் கிருமியை அடுத்த வீட்டுக்குக் கொண்டு போகாமல் இருக்கத்தான் இவ்வளவும்.

வகுப்பறையில் இது சுலபம். குழாய் இருக்கிறது. மேஜை இருக்கிறது. குப்பத்தில் தண்ணீர் ஒரு குடம்தான். அதையும் தொலைவிலிருந்து சுமந்து வந்திருக்கிறாள் அந்த வீட்டு அம்மாள். கை கழுவ எவ்வளவு கேட்கலாம்? அரைச் செம்பில் கழுவ முடியுமா? இதை எந்தப் பரீட்சையிலும் கேட்க மாட்டார்கள்.

ரத்தக் கொதிப்பு பார்க்கவும் அப்படித்தான். கல்லூரியில் தோழிக்குத் தோழி பார்த்துக் கொள்வார்கள். உட்கார்ந்து ஐந்து நிமிஷம் ஆன பிறகு பார்க்க வேண்டும் என்பது விதி. குப்பத்தில் மீன் கூடையை இப்போதுதான் இறக்கி வைத்த அம்மாளின் கையை நீட்டச் சொன்னால், அளவு கூடத்தான் காட்டும். ஐந்து நிமிஷம் உட்கார்த்தி வைக்க வேண்டும். அதற்குப் பேச்சுக் கொடுக்க வேண்டும். அந்த ஐந்து நிமிஷத்தில்தான் வீட்டுக் கவலை, குடிகாரப் புருஷன், நின்று போன மாத்திரை எல்லாம் வெளியே வரும்.

வெளியே வந்தது வெளியே போகக்கூடாது! அடுத்த வீட்டில் போய், "அவங்களுக்கு டி.பி.யாமே" என்று ஒரு வார்த்தை விட்டால், அந்தக் குப்பத்தில் இனி எந்த நர்சுக்கும் கதவு திறக்காது.

வேலூர் காட்டிய வழி

இதெல்லாம் நடக்கிற காரியமா? நடக்கிறது. தமிழ்நாட்டிலேயே நடக்கிறது.

அமெரிக்கப் பாதிரியார் மகள் ஐடா ஸ்கடர். அவர் இளம் பெண்ணாகத் திண்டிவனத்தில் பெற்றோருடன் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று கணவன்மார் வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவிகளைக் காப்பாற்றக் கூப்பிட்டார்கள். ஆண் டாக்டர் வந்து பார்க்க அவர்கள் சம்மதிக்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா அமெரிக்கா சென்று டாக்டருக்குப் படித்து, 1900-ல் திரும்பி வந்தார். வேலூரில் 1909-ல் நர்சுப் பள்ளி தொடங்கினார். 1946-ல் அது பட்டப் படிப்புக் கல்லூரி ஆயிற்று.

அவர் ஆஸ்பத்திரியிலேயே உட்கார்ந்துவிடவில்லை. சாலை வழியே வண்டியில் போய், மரத்தடியில் நிறுத்தி வைத்தியம் பார்த்தார். அந்தப் பழக்கம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நிலைத்தது. அங்கே டாக்டர் படிப்பு மாணவர்களும் நர்சு மாணவர்களும் படிப்பின் தொடக்கத்திலேயே ஒரு கிராமத்தில் சில வாரம் சேர்ந்து தங்குகிறார்கள். வீடு வீடாகக் கணக்கெடுக்கிறார்கள். கணியம்பாடி வட்டாரத்து மக்களுக்கு அந்தக் கல்லூரி ஆண்டுக் கணக்கில் சுகாதார சேவை செய்து வருகிறது. ஒரே வட்டாரம், பல ஆண்டுகள். முக்கியமான விஷயம் அதுதான்.

மீன்வளப் படிப்பிலும் இப்படி ஒரு நல்ல வழக்கம் உண்டு. நான்கு ஆண்டுப் பட்டப் படிப்பின் கடைசி ஆண்டில், மாணவர்கள் மீனவக் கிராம அனுபவம் பெற வேண்டும் என்பது பாடத் திட்டம். பழவேற்காட்டுக்குப் பக்கத்தில் பொன்னேரியிலேயே மீன்வளக் கல்லூரி இருக்கிறது. பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்று முகத்துவாரத்திலேயே அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் கடல் உயிரியல் நிலையம் இருக்கிறது. அங்கே ஜன்னலைத் திறந்தால் பாடம்.

மற்றக் கல்லூரி மாணவர்களுக்கு நாட்டு நலப்பணித் திட்டம் உண்டு. 1969 செப்டம்பர் 24-ல் தொடங்கியது. ஏழு நாள் கிராம முகாம் போடுவார்கள். பல முகாம்களில் ஏழு நாளும் சாலை ஓரம் கூட்டுவதில் போய்விடுகிறது. கூட்டுவது நல்லதுதான். ஆனால் ரசாயன மாணவன் கூட்டுவதோடு கிணற்றையும் அளந்தால் என்ன?

வெளிநாட்டிலும் இந்தப் படிப்பு சுலபமாக வந்துவிடவில்லை. இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்து வியாபாரி ராத்போன், 1859-ல் தம் மனைவியின் கடைசிக் காலத்தில் கவனித்துக் கொண்ட நர்சை, ஏழைகளின் வீடுகளுக்குச் சென்று பார்க்க மூன்று மாதத்துக்கு அமர்த்தினார். அந்த அம்மாள் நடுவிலேயே திரும்பி வந்து, "இந்தத் துயரத்தை என்னால் பார்க்க முடியாது, விட்டுவிடுங்கள்" என்று கேட்டார். அவர் சமாதானம் சொல்லி அனுப்பினார். மூன்று மாதம் முடிந்ததும், அந்த அம்மாளே இந்த வேலையைத் தொடர விரும்பினார்! வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்சு முறை இப்படித்தான் வளர்ந்தது. நம் மாணவி முதல் நாள் கிராமத்திலிருந்து அழுதுகொண்டு திரும்பினால், "இவள் இதற்கு லாயக்கில்லை" என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

பெற்றோர் கவலை

"பெண்ணைப் படிக்க அனுப்பினோம். ஊர் ஊராக அலையவா அனுப்பினோம்?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. அவர்கள் கவலையைக் கேலி செய்வதற்கில்லை.

2011 டிசம்பர் 25-ந் தேதி, கிறிஸ்துமஸ் அன்று, பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். உல்லாசமாகப் போனவர்கள் அவர்கள். மாணவர்களை அழைத்துப் போகும் கல்லூரி இதை மறக்கக்கூடாது. மிதவைச் சட்டை இல்லாமல் ஒரு மாணவர் கூடப் படகில் ஏறக்கூடாது. நீச்சல் தெரியும் என்று சொன்னாலும் கூடாது.

பெற்றோர் கல்லூரியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. உடன் வரும் ஆசிரியை யார்? இரவு தங்கும் இடத்தில் கழிப்பறை இருக்கிறதா? உள்ளூர் கிராம சுகாதார நர்சுக்குத் தகவல் சொல்லியாயிற்றா? இதற்கெல்லாம் பதில் வந்தால் தைரியமாக அனுப்பலாம். இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: "உண்மையில் போகிறீர்களா?" சில இடங்களில் மாணவிகள் போகாமலே, முன் வருஷத்துக் கணக்கெடுப்பைப் பார்த்து எழுதிக் கையெழுத்து வாங்குவதாகச் சொல்லக் கேட்கிறோம். ரத்தக் கொதிப்பைக் காப்பி அடித்துப் பழகிய நர்சு, நாளைக்கு நம் தலைமாட்டில் வந்து நிற்பாள்!

ஊருக்கு என்ன கிடைக்கும்?

கடைசியாக, யாரும் கேட்காத கேள்வி.

மாணவர்கள் வருகிறார்கள். குழந்தை எத்தனை, கழிப்பறை உண்டா, மாத வருமானம் என்ன என்று கேட்கிறார்கள். அடுத்த ஆண்டு வேறு மாணவர்கள் வந்து அதையே கேட்கிறார்கள். "போன வருஷம் ஊசி குத்தி ரத்தம் எடுத்தீங்களே, என்னா ஆச்சு?" என்று ஒரு தாய் கேட்டால், யாருக்கும் பதில் தெரியாது. மார்க்கு மட்டும் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஆகவே ஒரு சின்ன ஏற்பாடு செய்யலாம். பரிசோதித்த ஒவ்வொருவருக்கும் தேதி போட்டு, அளவு எழுதிய அட்டை ஒன்று கையில் கொடுக்க வேண்டும். அளவு கூடியிருந்தால், எங்கே போக வேண்டும் என்பதையும் அதிலேயே தமிழில் எழுத வேண்டும். 2021 ஆகஸ்டு 5-ல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், ரத்தக் கொதிப்பு, சர்க்கரை வியாதி மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறார்கள். அந்த ஊழியரிடம் பட்டியலை ஒப்படைத்தால் மாணவியின் வேலை வீணாகாது.

கிணற்றுக்கும் அப்படியே. வருஷத்துக்கு இரண்டு முறை, மே மாதம் ஒன்று, மழை முடிந்து ஜனவரியில் ஒன்று. ஒவ்வோர் ஆண்டும் அதே கிணறுகள். எந்தக் கல்லூரி மாணவர் வந்தாலும் அதே நோட்டில் எழுத வேண்டும். நோட்டு கல்லூரிக்குப் போகக்கூடாது. ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியரின் அலமாரியில் இருக்க வேண்டும். கல்லூரிக்கு நகல் போதும். ஜனவரியில் ஏரிப் பறவைகளை எண்ணும் வழக்கம் ஆசிய நாடுகளில் 1987 முதல் இருக்கிறது. பறவைக்கு உள்ள கணக்கு கிணற்றுக்கும் இருக்கலாம் அல்லவா?

பத்து ஆண்டு ஆனால் ஒரு கிணற்றுக்கு இருபது கணக்கு சேரும். எந்தத் தெருவில் உப்பு ஏறுகிறது, எங்கே புதிதாக மோட்டார் போடக்கூடாது, எந்தக் கிணற்றுத் தண்ணீரைக் கர்ப்பிணிப் பெண்கள் குடிக்கக்கூடாது என்று கிராமசபையில் எழுந்து நின்று பேச, ஊராருக்குக் கையில் காகிதம் இருக்கும். வருஷத்தில் இரண்டு பக்கம்தான் செலவாகும் என்பதால், ஒரே நோட்டு பத்து ஆண்டுக்கும் போதும்.